மக்கும் என்றால் மட்டும் போதுமா?

தோழனே!

பழச்சாற்றுக் கடையிலே உன் கையில் ஒரு குவளையைத் தருகிறார்கள். பளிங்கெனப் பளபளக்கிறது, பழைய பிளாஸ்டிக் அல்லவாம்! பக்கத்திலே பச்சை இலையின் படம். அதன் கீழே 'மக்கும்' எனும் மந்திரச் சொல். பருகினாய், பாவம் தீர்ந்தது என்ற நினைப்புடன் தெருவோரத்தில் எறிந்தாய். மண் ஏற்றுக்கொள்ளும் என்று நம்பினாய். நான் கேட்கிறேன்: எந்த மண்? எத்தனை நாளில்? எவர் பொறுப்பில்?

விடை வேண்டுமாயின், அந்தக் குவளையை உருவாக்கிய வினையூக்கியிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரியின் கடைசிப் படி ஏறாதவன் நான். வேதியியல் பேச இவன் யார் என்று நகைக்காதே! நாடகக்காரனுக்கு வினையூக்கியைப் புரிந்துகொள்வது எளிது. பக்கத் திரைக்குப் பின்னே நின்று வசனத்தை எடுத்துக் கொடுப்பவன் மேடைக்கு வருவதில்லை. அவனின்றிக் காட்சி நகர்வதுமில்லை. வினையூக்கியும் அவ்வாறே. வினையை விரைவாக்கும், தான் செலவாகாது.

1953-ஆம் ஆண்டு. ஜெர்மனியின் மூல்கைம் நகரம். கார்ல் சீக்லரின் ஆய்வுக்கூடத்துக் கலமொன்றில் தங்கியிருந்த நிக்கலின் சிறு சுவடு, எத்திலீன் வாயுவின் போக்கையே மாற்றிவிட்டிருந்தது. அந்த விந்தையைத் துருவிச் சென்ற சீக்லர், உலோகம் உலோகமாகச் சோதித்தார். டைட்டானியம் துணை நின்றது. மிகுந்த அழுத்தமின்றியே பாலிதீன் பிறந்தது. 1963-இல் இத்தாலியின் ஜூலியோ நாட்டாவுடன் நோபல் பரிசும் பெற்றார். மலிவு வந்தது, மாளாத குப்பையும் வந்தது! கரிமமும் கரிமமும் கைகோத்த அந்தச் சங்கிலியை நீர் அறுப்பதில்லை. நுண்ணுயிர் எளிதில் தின்பதுமில்லை.

அறுபடக்கூடிய சங்கிலியை மனிதன் அறியாமலா இருந்தான்? அறிந்தான், ஆனால் ஒதுக்கினான்! 1932-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்திலே வாலஸ் கரோதர்ஸ் குழுவினர், லாக்டிக் அமிலத்தின் வளையங்களைச் சங்கிலியாக்கிப் பார்த்தனர். இவ்வகைப் பாலியெஸ்டர்கள் குறைந்த வெப்பத்தில் உருகின, நீருக்கு நெகிழ்ந்தன. குறை என்று தள்ளினர். 1935-இல் நைலானைக் கண்டனர். அன்று குறையென்று தள்ளப்பட்டது, இன்று குணமென்று கொண்டாடப்படுகிறது!

லாக்டிக் அமிலம் வேறொன்றுமல்ல. உன் வீட்டுத் தயிரைப் புளிக்கச் செய்வது. மக்காச்சோளத்துச் சர்க்கரையை நொதிக்கவைத்தும் பெறலாம். அதனை நேரே இணைத்தால் நீர் வெளிப்படும். அந்த நீரே சங்கிலியை வளரவிடாது. ஆகவே இரண்டிரண்டாக வளையமாக்கி, வெள்ளீய ஆக்டோயேட் எனும் வினையூக்கியைச் சிறிதளவு சேர்க்கின்றனர். வளையம் திறக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாய்ச் சங்கிலியில் சேர்கிறது. பிறப்பதே பாலிலாக்டிக் அமிலம்; உன் கையிலுள்ள குவளை! அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துப் பிளேர் நகரிலே 2002 முதல் பேராலையில் இது உருவாகிறது.

செலவாகாத வெள்ளீயம் எங்கே போகும்? சிறிதளவு பொருளுக்குள்ளேயே தங்கும். எனவேதான் அறிஞர்கள் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நாடுகின்றனர். வலக்கை, இடக்கை போல் இரு வடிவம் கொண்டது லாக்டிக் அமிலம். 1999-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கோட்ஸ் குழுவினர், துத்தநாக வினையூக்கியால் அவ்விரண்டையும் ஒழுங்குபட அடுக்கிக் காட்டினர். அந்த அடுக்கைப் பொறுத்தே உறுதியும் மாறும். சிதையும் வேகமும் மாறும்.

அறிவியல் தன் கடமையைச் செய்தது. நாம் செய்தோமா?

உரமாக்கும் ஆலையில், ஈரமும் நுண்ணுயிரும் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பமும் சேர்ந்தால் சில மாதங்களில் இக்குவளை சிதையும். சாக்கடையிலோ, கடலிலோ? ஆண்டுக்கணக்கில் கிடக்கும்! மறுசுழற்சிக்குச் செல்லும் தண்ணீர்ப் புட்டிகளோடு கலந்தால் அந்தச் சரக்கையும் கெடுக்கும்.

அப்படியானால் பழைய பாலிதீனே போதும் என்கிறாயா எனக் கேட்காதே. இல்லை! 2019 ஜனவரி 1 முதல் தமிழகமும், 2022 ஜூலை 1 முதல் இந்தியாவும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடுத்தன, சரியே. ஆனால் தடை பாதி வழி. உரமாகும் பிளாஸ்டிக்குக்கு ஐ.எஸ். 17088 எனும் தரநிலை உண்டு. அது உரமாக்கும் சூழலை வைத்தே சோதிக்கிறது. அந்தச் சூழல் ஊரில் இல்லையேல், முத்திரை எதற்கு? வணிகன் இலைப் படத்தைக் காட்டி விலை பெறுகிறான்; வெறுங்கையால் குப்பை பிரிப்பவர் துப்புரவுத் தொழிலாளி. இலாபம் ஒருவனுக்கு, இழிவு இன்னொருவருக்கா?

ஆகவே தோழனே, உன் நகராட்சியிடம் கேள்: உரமாக்கும் ஆலை உண்டா? தனியே திரட்ட ஏற்பாடு உண்டா? திரட்டுவோர் கைக்கு உறையுண்டா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை வரும்வரை, கழுவிப் பயன்படுத்தும் குவளையே கேட்டுப் பருகு.

வளையத்தைத் திறக்க வெள்ளீயம் போதும். வாய் மூடிக்கிடக்கும் அலுவலகத்தைத் திறக்க உன் குரல் வேண்டும்!