சோழனை வீழ்த்தியது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஆடித் திருவாதிரை வந்தால் வாட்ஸ்அப்பில் ராஜேந்திர சோழன் படம் வரிசை கட்டி வருகிறது. மகிழ்ச்சி. ஆனால் கீழே போடும் வாசகம்தான் சகிக்கவில்லை. "மாலிக் கபூர் வந்தான், துரோகி காட்டிக் கொடுத்தான், சோழ நாடு அழிந்தது" என்று நம் குழுவில் ஒருவர் போட, ஆளாளுக்குக் கை கூப்பியிருக்கிறீர்கள்.

மாலிக் கபூர் தமிழ்நாட்டுக்குள் வந்தது 1311-ல். கடைசிச் சோழ மன்னன் மூன்றாம் ராஜேந்திரனின் ஆட்சி 1279-லேயே முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பே இல்லாமல் போன அரசை ஒருவன் எப்படியப்பா அழிப்பான்? சாதாரணக் கழித்தல் கணக்குதானே இது!

நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் குலோத்துங்கன் திருபுவனத்தில் பெரிய கோயில் கட்டினான். அவன் காலத்திலேயே, 1201 வாக்கில், திருப்பாம்புரத்தில் பஞ்சம் தாங்காத ஒரு வேளாளர் தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாகத் தன்னை விற்றுக்கொண்டார். இதைச் சொல்வதும் கல்வெட்டுதான். அடுத்த சில வருடங்களில் தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தியவன் பாண்டியன், நம் தமிழன். 1231-ல் மூன்றாம் ராஜராஜனைப் பிடித்து சேந்தமங்கலத்தில் சிறை வைத்தவன் கோப்பெருஞ்சிங்கன். சோழருக்கு அடங்கி இருந்த காடவர் குலத்தவன். சிறை மீட்க வந்தது யார் தெரியுமா? கன்னட நாட்டு போசளர் படை! அன்னியன் அழித்தான் என்கிறீர்களே, அன்னியன் தாங்கிப் பிடித்ததால்தான் அந்த அரசு இன்னும் கொஞ்ச காலம் ஓடியது.

பைபிளில் இஸ்ரவேல் ராஜாக்கள் கதையும் இதே மாதிரிதான். சாலமோன் ஆலயமும் அரண்மனையும் கட்டினான். வரியும் கட்டாய வேலையும் ஜனங்கள் தலையில். சுமையைக் குறையுங்கள் என்று அவன் மகன் ரெகொபெயாமிடம் கேட்டார்கள். பெரியவர்கள் புத்தியைத் தள்ளிவிட்டு, கூட வளர்ந்த இளவட்டங்கள் பேச்சைக் கேட்டு, இன்னும் பாரமாக்குவேன் என்றான். நாடு இரண்டாக உடைந்தது. வடக்கை கி.மு. 722-ல் அசீரியரும் தெற்கை கி.மு. 586-ல் பாபிலோனியரும் விழுங்கினார்கள். ஆனால் அந்த ஜனங்கள் தங்கள் ராஜாக்களின் தப்பையும் எழுதி வைத்து, பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினார்கள். நாம் மெய்க்கீர்த்தியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இதில் என்ன கெடுதல் என்கிறீர்களா? துரோகி கதை கேட்டு வளரும் பிள்ளை, நாளைக்குப் பக்கத்து வீட்டில் துரோகியைத் தேடும். ராஜேந்திரன் எங்கள் சாதி என்று ஆளாளுக்கு பிளக்ஸ் வைக்கிறார்களே, தன்னை விற்ற அந்தத் தகப்பனுக்கும் அந்த இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சொந்தம் கொண்டாட யாராவது உண்டா?

குன்னத்திலிருந்து அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகப் போனால் கங்கைகொண்ட சோழபுரம். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கட்டும். அப்படியே மாளிகைமேட்டுக்கும் கூட்டிப் போய், தோண்டி எடுத்த அரண்மனையின் செங்கல் அடித்தளத்தையும் காட்டுங்கள். இரண்டும் சேர்ந்ததுதான் வரலாறு.

மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். ஆண்டு போட்டு எழுதுங்கள்.