ஜாகுவார் விலை இறங்கும், செலவு இறங்காது!

பழைய கார் விற்கும் ஆப் எதையாவது திறந்து பாருங்க. 10 வருஷம் ஓடின ஜாகுவார் எக்ஸ்எஃப், ஒரு புது நடுத்தர எஸ்யூவி விலைக்கு நிற்கும். "அட, நம்ம சம்பளத்துக்கே ஜாகுவார் வந்துடும் போலயே"ன்னு மனசு சொல்லும். இதுக்கு நடுவுல, 2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாங்க. 100%-ஐத் தாண்டி இருந்த கார் இறக்குமதி வரி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் கார்களுக்குப் படிப்படியாக 10% வரை இறங்கும். "பிரிட்டிஷ் கார் இனிமே சல்லிசு"ன்னு பேச்சு கிளம்ப இது போதாதா?

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்தக் கார்களில் சல்லிசு ஆவது வாங்குற விலை மட்டும்தான். டயர், பார்ட்ஸ், லேபர் எல்லாம் அந்தக் கார் ஷோரூமில் நின்ன அந்தஸ்துலயே நிற்கும். 12 லட்சத்துக்கு வாங்கினாலும், நீங்க பராமரிக்கப் போறது 50 லட்ச ரூபாய் ரகக் காரை.

அழகுல குறையே இல்லை

ஆசைப்படுறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட், பென்ட்லி ஃப்ளையிங் ஸ்பர் எல்லாம் நம்ம கணக்குக்கே வராது, விட்டுடலாம். கைக்கு எட்டுற மாதிரி தெரியுறது ஜாகுவாரின் எக்ஸ்இ, எக்ஸ்எஃப், எக்ஸ்ஜே மூணும்தான். மூணுமே இயன் கேலம் தலைமையில் இருந்த டிசைன் குழுவின் வேலை.

எக்ஸ்இ மூணுல சின்னது. நீளமான பானெட், தாழ்ந்த கூரைன்னு ஸ்போர்ட்ஸ் கார் சாயல். ஓட்டுறவருக்குக் கொண்டாட்டம், பின் சீட்டுல உட்காருறவருக்கு முட்டி இடிக்கும். அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போற குடும்பக் கார் இது இல்லை.

எக்ஸ்எஃப் நடுவுல நிற்கும், என் கண்ணுக்கு மூணுல சரியான அளவும் இதுதான். 2007-ல் வந்த முதல் தலைமுறையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினா கியர் குமிழ் மெதுவா மேலே எழும்பும், மூடியிருந்த ஏசி வென்ட் தானா திரும்பித் திறக்கும். 2015-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் பின் சீட் தாராளம். ஆனா ஆரம்ப கால டச் ஸ்கிரீன் இன்னைக்கு உங்க மொபைலோட வேகத்துக்குப் பழகின கைக்கு ரொம்ப மந்தம்.

எக்ஸ்ஜே ராஜா வீட்டு வண்டி. டேஷ்போர்டுக்கு மேலே படகு மாதிரி கதவுக்குக் கதவு வளைஞ்சு ஓடுற மரப்பட்டை, லெதர், பின்னால காலை நீட்டி உட்கார இடம். பின் கண்ணாடி பக்கத்துல வர்ற கருப்புத் தூண் மட்டும் சிலருக்குப் பிடிக்காது. உள்ளே உட்கார்ந்துட்டா அதுவும் மறந்துடும்.

இப்போ செலவுக்கு வருவோம்

இரண்டாம் தலைமுறை எக்ஸ்எஃப், எக்ஸ்இ, எக்ஸ்ஜே மூணிலும் பாடி பெரும்பாலும் அலுமினியம். எடை குறைய அது நல்லது. ஆனா சின்ன இடி பட்டா, தெருமுனை ஷெட்டுல டிங்கரிங் பண்ணி, பட்டி வெச்சு, பெயின்ட் அடிக்கிற கதை நடக்காது. அலுமினியத்துக்குத் தனி டூல், தனி பயிற்சி வேணும். அந்த வசதி இருக்கிற ஒர்க்‌ஷாப் சொல்றதுதான் ரேட்டு.

"இன்ஷூரன்ஸ் இருக்கே?" சரி, பார்க்கலாம். 1,500 சிசிக்கு மேல் உள்ள எந்தத் தனிநபர் காருக்கும் தேர்டு பார்ட்டி பிரீமியம் ஒண்ணுதான், அங்கே வலி இல்லை. வலி கிளெய்ம்ல வரும். வயசான காருக்கு ஜீரோ டெப் தர கம்பெனிகள் தயங்கும். அது இல்லைன்னா, பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% கழிவு. 5 முதல் 10 வருஷ காரின் உலோகப் பாகங்களுக்கு 40%, அதுக்கும் மேல் வயசானா 50%. பம்பரோட விலை ஒரு லட்சம்னு வெச்சுக்கோங்க, பாதி உங்க பாக்கெட்டுலேர்ந்து போகும்.

டீசல் வாங்கினா இன்னொரு விஷயம். ஆபீஸுக்கு 6 கி.மீ., திரும்ப 6 கி.மீ. மட்டும் ஓட்டினா, புகையில் வர்ற கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் தன்னைத்தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்க நேரம் கிடைக்காது. பாதியில் நின்ன சுத்தம் ஒவ்வொண்ணும் கொஞ்சம் டீசலை இன்ஜின் ஆயில்ல கலந்துவிடும். ஹைவேல ஓடாத டீசல் ஜாகுவார், ஒர்க்‌ஷாப்புக்கு ஓடும்.

"டாடா கம்பெனிதானே, பார்ட்ஸ் சீப்பா கிடைக்கும்"னு நினைக்கிறவங்களும் உண்டு. 2008-ல் ஃபோர்டுகிட்டேர்ந்து ஜாகுவாரை டாடா வாங்கினது உண்மை, எக்ஸ்எஃப் புனேயில் அசெம்பிள் ஆனதும் உண்மை. அதுக்காக டியாகோ பிரேக் பேடு எக்ஸ்எஃப்ல உட்காராது. எக்ஸ்இ, எக்ஸ்எஃப் உற்பத்தியும் 2024-ல் பிரிட்டனிலேயே முடிஞ்சுபோச்சு. வருஷம் போகப் போக பார்ட்ஸுக்குக் காத்திருக்கிறது கூடத்தான் செய்யும்.

பிரிட்டன்லயும் இதே கதைதான். அங்கே புதுசா இருந்தப்போ 40,000 பவுண்டுக்கு மேல் விலை போட்ட காருக்கு, இரண்டாம் வருஷத்திலிருந்து 5 வருஷம் கூடுதல் சாலை வரி உண்டு. 2025-26-ல் அது வருஷத்துக்கு 425 பவுண்டு. அதே காரை நீங்க செகண்ட் ஹேண்ட்ல 20,000 பவுண்டுக்கு வாங்கினாலும் வரி பழைய விலையைத்தான் பார்க்கும்.

ஒரு கணக்கு போடுவோம்

கையில் வர்ற சம்பளம் 80,000 ரூபாய். கார் விலை 12 லட்சம், முன்பணம் 2 லட்சம், மீதி 10 லட்சம் கடன். இது என் உதாரணக் கணக்கு, உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க.

• இஎம்ஐ (13% வட்டி, 5 வருஷம்): 22,750
• பெட்ரோல் (மாதம் 1,000 கி.மீ., லிட்டருக்கு 8 கி.மீ., 100 ரூபாய்): 12,500
• பராமரிப்புக்கு ஒதுக்குறது: 10,000
• இன்ஷூரன்ஸ்: 3,000

மொத்தம் 48,250. சம்பளத்தில் 60%. வாடகை, எஸ்ஐபி, வீட்டுக்கு அனுப்புற பணம் எல்லாம் மீதி 31,750-க்குள்ள. ஒரு மாசம் கியர்பாக்ஸ் மக்கர் பண்ணா, முதல்ல நிற்கிறது எஸ்ஐபிதான். வர்த்தக ஒப்பந்தம் இந்தக் கணக்கில் ஒரு வரியைக்கூட மாத்தாது.

அப்போ வாங்கவே கூடாதா?

வாங்கலாம், நாலு நிபந்தனையோட.

1. கடன் இல்லாம, கைக்காசுல வாங்கணும்.
2. கார் விலையில் கால் பங்கை ரிப்பேருக்குன்னு தனியா போட்டு வெச்சிருக்கணும். எமர்ஜென்சி ஃபண்டு இதில் சேராது.
3. முழு சர்வீஸ் ரெக்கார்டு வேணும். சென்னை வண்டின்னா 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்னதான்னு காசு கொடுத்தாவது செக் பண்ணணும். தண்ணி குடிச்ச வயரிங்குக்கு வைத்தியமே கிடையாது.
4. தினசரி ஆபீஸ் போக வேற வண்டி இருக்கணும்.

நாலும் சரின்னா, என் ஓட்டு இரண்டாம் தலைமுறை எக்ஸ்எஃப் பெட்ரோலுக்கு. தனியா ஓட்டி ரசிக்கணும்னா எக்ஸ்இ. எக்ஸ்ஜேவை ரோட்டுல பார்த்து ரசிங்க, போதும்.

நாலில் ஒண்ணு இடிச்சாலும் இப்போதைக்குத் தள்ளிப் போடுங்க. அந்த 22,750-ஐ 5 வருஷம் மாசா மாசம் சேர்த்தாலே, வட்டியில்லாமலே 13,65,000 ரூபாய். அப்பவும் ஆசை இருந்தா எக்ஸ்எஃப் விலை இன்னும் இறங்கியிருக்கும். கடன் கேட்காம சாவியை வாங்கலாம்.