வீடியோ கால் திணறுதா? வீட்டு இணையத்தில் யாருக்கு முதல் வரிசை?

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலை வியாபாரி, வெளியூர் வாடிக்கையாளருக்கு வீடியோ காலில் சேலை காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்தியை விரிக்கும் நேரம் பார்த்துப் படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. சரிகையும் தெரியவில்லை, நிறமும் தெரியவில்லை. பிளான் என்னவோ 50 எம்பிபிஎஸ். அப்போ தப்பு எங்கே?

பல நேரம் அதே கணினியில்தான். பின்னணியில் நூற்றுக்கணக்கான சேலை போட்டோக்கள் கூகுள் டிரைவுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

என்ன நடக்கிறது?

2019-ல் 48 நாட்கள் நடந்த அத்திவரதர் தரிசனத்தில் நின்றவர்களுக்கு வரிசையின் அருமை தெரியும். ரவுட்டருக்குள்ளும் அப்படி ஒரு வரிசை உண்டு. பொதுவாக, முதலில் வந்தது முதலில் போகும். போட்டோ அரை விநாடி தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை. குரல் அரை விநாடி தாமதமானால் பேச்சே நடக்காது.

என்ன பண்ணலாம்?

* விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் 'நெட்வொர்க்' பத்தியைப் பாருங்கள். இணையத்தை அதிகம் இழுப்பது எந்த புரோகிராம் என்று தெரியும். அங்கே உள்ள 'செட் பிரையாரிட்டி' பிராசஸருக்கானது, இணையத்துக்கு அல்ல.
* கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் செட்டிங்ஸில் அப்லோடு வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். விண்டோஸ் அப்டேட்டுக்கும் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' பகுதியில் வரம்பு உண்டு.
* ரவுட்டரில் 'கியூ.ஓ.எஸ்' வசதி இருந்தால், வேலைக்கான கணினிக்கு முன்னுரிமை கொடுங்கள். அதில் வேக வரம்பை, உண்மையில் கிடைக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

இதையே நிறுவனம் செய்தால்?

உங்கள் வீட்டு வரிசையை நீங்கள் மாற்றலாம். இணைய நிறுவனம் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. எந்த இணையதளம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் வாங்குவதை 2016 பிப்ரவரி 8-ல் டிராய் தடை செய்தது. ஒரு தளத்தை முடக்குவது, வேகத்தைக் குறைப்பது, இன்னொன்றுக்குச் சலுகை காட்டுவது கூடாது என்ற அதன் பரிந்துரையை 2018 ஜூலையில் மத்திய அரசு ஏற்றது. நியாயமான நெரிசல் மேலாண்மைக்கும் சில சிறப்புச் சேவைகளுக்கும் விலக்கு உண்டு.

5ஜி நெட்வொர்க்கைத் தனித்தனித் தடங்களாகப் பிரிக்கும் 'ஸ்லைசிங்' தொழில்நுட்பம், அந்த விலக்கு எதுவரை என்ற கேள்வியை மறுபடி கிளப்பியிருக்கிறது. காசுள்ள ஷாப்பிங் தளத்துக்குத் தனித் தடம் கிடைத்தால், நெசவாளர் கூட்டுறவு சங்கத்தின் தளம் பின்வரிசைக்குப் போகும். வீட்டில் கால் சிக்கினால் செட்டிங்ஸை மாற்றலாம். அந்த வரிசையை மாற்ற நம்மிடம் பட்டன் இல்லை, சட்டம்தான் இருக்கிறது.