உப்பளத்துத் தாய் கேட்கிறாள்: எங்கே அந்த மருத்துவர்?



மரக்காணத்து உப்பளத்திலே, கொளுத்தும் வெயிலிலே, பலகை கொண்டு உப்பு வாரும் தாயொருத்தியை எண்ணிப் பாருங்கள். அவள் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. உடல் வெளுக்கிறது, ஈறிலே இரத்தம் கசிகிறது. "சோகைதான்" என்பர் அக்கம் பக்கத்தார். இரத்தப் புற்றுநோயோ என ஐயுறும் மருத்துவர் வேண்டும்; ஐயுற்றபின் அதற்கென்றே பயின்ற நிபுணரும் வேண்டும்.

தீராத நோயாயிற்றே எனக் கைவிரிப்போர் உண்டு. பழைய பேச்சு அது! குழந்தைகளின் கடும் இரத்தப் புற்றுநோயை மருந்தால் சிறிது காலமேனும் பின்வாங்கச் செய்யலாமென 1948இல் பாஸ்டனில் சிட்னி பார்பர் மெய்ப்பித்தார். அவர் கையிலிருந்த மருந்து அமினாப்டெரின். அதனை உருவாக்கிய லெடர்லி ஆய்வகத்தாருக்குத் தலைமை தாங்கியவர் யார்? நம் சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்! இன்று வளம்மிக்க நாடுகளிலே, குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோயில், பத்துக் குழந்தைகளில் எட்டுக்கு மேல் பிழைக்கின்றன.

ஆனால் அந்தச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். மருந்து நோயை அழிக்கும்போதே வெள்ளணுக்களையும் வீழ்த்தும். அவ்வேளையில் காய்ச்சல் கண்டால், பொழுது விடியட்டும் எனக் காத்திருத்தல் ஆகாது. அன்றிரவே மருந்து ஏற வேண்டும். புதுவையிலே ஜிப்மர் இருக்கிறது, மறுப்பார் இல்லை. எனினும் நள்ளிரவிலே, காய்ச்சலில் துவளும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்பவளுக்கு, விழுப்புரம் அரசு மருத்துவமனையும் துணை நிற்க வேண்டாமா?

அத்தகைய நிபுணர் ஒரே நாளில் முளைப்பதில்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. 3 ஆண்டு, அதன்மேல் டி.எம். 3 ஆண்டு. புற்றுநோய்க்கான இவ்வுயர்சிறப்புப் படிப்பை 1984இல் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3ஆம் நாள் கண்மூடியதும் அங்கேதான்.

2020 நவம்பரில் தமிழக அரசு ஆணையிட்டது: அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் பாதி, அரசுப் பணியில் உள்ள மருத்துவர்க்கே! உடனே எழுந்தது கூக்குரல்: "தகுதி போயிற்று!" அவ்வாண்டு ஆணை நடைமுறைக்கு வரவில்லை. 2022 மார்ச்சில்தான் உச்சநீதிமன்றம் வழிவிட்டது.

எந்தத் தகுதி போயிற்று? அந்த இடத்தைப் பெறுபவரும் எம்.டி. முடித்தவர், அதே நீட் தேர்வை எழுதித் தேறியவர். கூடுதலாக, ஏழை நோயாளியின் வரிசையை நாள்தோறும் கண்டவர்! மக்களின் வரிப்பணத்தால் எழுந்த கல்லூரியிலே பயின்று, பட்டத்தை மடித்துக்கொண்டு விமானம் ஏறுபவரிடம் இவர்கள் தகுதிக் கணக்குக் கேட்டதுண்டோ?

நம் பக்கமும் ஒரு கேள்வி திரும்ப வேண்டும். பாதி இடம் பெற்றோம், சரி. படித்து முடித்தவர் எங்கே அமர்த்தப்படுகிறார்? சென்னையிலேயே தங்கிவிட்டால் மரக்காணத்துக்கு என்ன வந்தது? ஆகவே, மாவட்டந்தோறும் இரத்தநோய்க்கும் புற்றுநோய்க்கும் நிரந்தரப் பணியிடம், குழந்தைகளுக்கெனத் தனிப் படுக்கை, இரவிலும் இயங்கும் இரத்தப் பரிசோதனை: இவை எத்தனை, எங்கே, எப்போது? அடுத்த கிளைக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக எழுதி, உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் நேரிலே கொடுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.