விலக வைக்கும் உத்தரவு

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் முழுநேரமும் அலுவலகம் வந்தாக வேண்டும் என்ற உத்தரவில் 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே டிரம்ப் கையெழுத்திட்டார். வரிப்பணத்தில் சம்பளம் வாங்குபவரிடம் கணக்குக் கேட்பது நியாயம்தான். ஆனால் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முன்பே பணியிடத்தில்தான் இருந்தார்கள்; படைவீரர் மருத்துவமனைச் செவிலியருக்கு வீட்டிலிருந்து வேலை ஏது? மற்றவர்களுக்கும் அது கொரோனா தந்த சலுகை இல்லை, 2010-லேயே சட்டம் ஏற்ற முறை. இந்தக் கட்டாயத்தால் பலர் தாமாக விலகினால் வரவேற்போம் என்று 2024 நவம்பரிலேயே, அரசுச் செலவைக் குறைக்க டிரம்ப் தேர்ந்தெடுத்த எலான் மஸ்கும் விவேக் ராமசாமியும் பத்திரிகையில் எழுதினார்கள். என்னை உறுத்துவது அதுதான். ஆள் குறைக்க வேண்டுமானால் காரணம் சொல்லி, இழப்பீடு கொடுத்துக் குறைக்கட்டும். வயதான தாயைப் பார்த்துக்கொண்டே வேலையையும் ஒழுங்காகச் செய்தவரை அலைக்கழித்து ராஜினாமா எழுத வைப்பது பெரும் அநீதி.