அமுக்கிப் பார்த்தது போதும், நிறுத்துப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சோபா வாங்கப் போகிறவர்களும் பெண்ணுக்குச் சீர் வாங்கப் போகிறவர்களுமாவது முழுக்கப் படித்துவிடுங்கள்.

நம் ஊரில் சோபா விற்கும் முறையே சரியில்லை என்பது என் கட்சி. கடைக்குள் போனதும் "உட்கார்ந்து பாருங்க சார், எவ்வளவு சாஃப்டா இருக்கு" என்கிறார்கள். நாமும் உட்கார்ந்து, இரண்டு தடவை குதித்து, கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறோம். அரை லட்சம், முக்கால் லட்சம் ரூபாய்க்கு நாம் செய்கிற பரிசோதனை இவ்வளவுதான். கத்தரிக்காயைக்கூட இதைவிடக் கவனமாக வாங்குகிறோம்.

இலவம்பஞ்சு மெத்தை வாங்கிய காலத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்டது, "எத்தனை கிலோ பஞ்சு?" என்றுதான். போடிநாயக்கனூர்ப் பஞ்சாகவே இருந்தாலும் தராசில் ஏற்றாமல் காசு கொடுக்க மாட்டார்கள். பள்ளிக்கூடப் படியே மிதிக்காதவர்கள் எடை கேட்டார்கள். பட்டம் வாங்கிய நாம் "எத்தனை இஞ்ச் ஃபோம்?" என்று கேட்கிறோம். இஞ்ச் கணக்கில் வாங்கினால் பெரும்பாலும் காற்றைத்தான் வாங்குகிறோம். நல்ல ஃபோமிலேயே நூற்றில் மூன்று, நான்கு பங்குதான் பொருள், மீதி காற்று. மட்டமான ஃபோமில் பொருள் இரண்டு பங்குகூடத் தேறாது. இரண்டையும் ஐந்து அங்குலத்துக்கு வெட்டி, ஒரே துணியைப் போர்த்தி வைத்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

அடர்த்தி என்றால் என்ன என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. கடைக்காரர் "நாற்பது டென்சிட்டி" என்று சொல்வது அதைத்தான். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ என்று அர்த்தம். தினமும் உட்கார்கிற இருக்கைக்கு 32க்குக் குறையக் கூடாது, 40 இருந்தால் நல்லது. முதுகுச் சாய்வுக்கு அவ்வளவு பாரம் வராது. அங்கே 20, 24 போதும். அதற்கும் 40 போடச் சொல்லிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். கடினம் வேறு, அடர்த்தி வேறு. ஃபோம் என்பது பாலியுரேத்தேன். ரசாயனக் கலவையை மாற்றினால் 18 டென்சிட்டி ஃபோமையும் கட்டையாக வார்க்கலாம், 40 டென்சிட்டி ஃபோமையும் மெத்தென்று வார்க்கலாம். கையால் அமுக்கும்போது தெரிவது அன்றைய கடினம் மட்டும்தான். எத்தனை வருடம் உழைக்கும் என்பது அதில் தெரியவே தெரியாது. அடர்த்தி குறைந்த ஃபோமில் நுண்ணறைகளைத் தாங்கும் இழைகள் மெல்லியவை. உட்கார்ந்து எழ எழ அவை துவண்டு ஒடிகின்றன. கடையில் கெட்டியாக இருந்த குஷன் ஒன்றரை வருடத்தில் நடுவில் பள்ளமாகிவிடுகிறது. மாதத் தவணை அப்போதும் முடிந்திருக்காது.

இதைப் பணக் கணக்கோடு விட எனக்கு மனமில்லை. எங்கள் சித்திக்கு எண்பது வயது. அவர் வீட்டில் பிள்ளைகள் ஆசையாக வாங்கிப் போட்ட பெரிய சோபா இப்போது முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்து போனால் எழுவது எந்த வயதிலும் சிரமம்தான். மூட்டு தேய்ந்தவர்களைக் கேட்கவே வேண்டாம். சித்தி இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருகிறார். சோபா வருகிறவர்களுக்காக இருக்கிறது.

என்னிடம் படித்த ஒருவர் இதே தொழிலில் இருக்கிறார். பெயர் வேண்டாம். போன வாரம் அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "சார், நான் நாற்பது போட்டா விலை ஏறும். பக்கத்துக் கடையில பதினெட்டைப் போட்டுட்டு நாற்பதுன்னு சொல்லுவான். ஜனம் அங்கதான் போகும்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஃபோமின் விலை ஏறக்குறைய எடையோடு போவது. 40 போட வேண்டிய இடத்தில் 18 போட்டால் மூலப்பொருளில் பாதிக்கு மேல் மிச்சம். நேர்மையானவர் அந்தப் போட்டியில் எப்படி நிற்பார்? ஆனால் அதற்கு வழி அவரும் பதினெட்டுக்கு இறங்குவது இல்லை. வாங்குகிறவன் எடை கேட்க ஆரம்பித்தால் பக்கத்துக் கடைக்காரரின் நாற்பது ஒரே நாளில் வெளுத்துவிடும். தம்பி, நீங்கள் கடை வாசலில் ஒரு தராசை வையுங்கள். "எங்கள் குஷனை நிறுத்துப் பாருங்கள்" என்று ஒரு பலகை மாட்டுங்கள். அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

கணக்கு இதுதான். இரண்டடிக்கு இரண்டடி, ஐந்து அங்குலக் கனம் உள்ள ஓர் இருக்கைக் குஷனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்டிமீட்டரில் 61, 61, 12.7. பெருக்கினால் சுமார் 47,000 கன சென்டிமீட்டர், அதாவது 0.047 கன மீட்டர். உறையைக் கழற்றிவிட்டு நிறுத்தால் 40 டென்சிட்டி ஃபோம் 1 கிலோ 900 கிராம் வர வேண்டும். 32 என்றால் ஒன்றரை கிலோ. 850 கிராம்தான் வருகிறது என்றால் அது 18. கடைக்காரர் எந்தக் கோயிலில் சத்தியம் செய்தாலும் 18தான்.

இதிலும் ஒரு கள்ளம் உண்டு. சுண்ணாம்புக் கல் தூளைக் கலந்து எடையை ஏற்றுவார்கள். ஆகவே எடை குறைந்தால் பொய் என்பது நிச்சயம்; எடை சரியாக இருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. வெட்டிய பக்கத்தை விரலால் தேய்த்துத் தூள் உதிர்கிறதா பாருங்கள். ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து, அதன்மேல் அம்மிக் குழவியை ராத்திரி முழுக்க வைத்துவிட்டு, காலையில் எடுத்து அரை மணி நேரம் கழித்துக் கனத்தை அளந்து பாருங்கள். நல்ல ஃபோம் ஏறக்குறைய பழைய கனத்துக்குத் திரும்பிவிடும். துண்டு தர மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

பெயர்களைக் கேட்டு மயங்காதீர்கள். "ஆர்த்தோ" என்பது அடர்த்தியின் அளவும் இல்லை, கடினத்தின் அளவும் இல்லை. ரீபாண்டட் என்பது கழிவுத் துண்டுகளை அரைத்துப் பசையிட்டு அழுத்தியது. மெத்தைக்கு அடித்தளமாக நன்றாகவே உழைக்கும். அதைப் புது ஃபோம் என்று சொல்லி விற்பதுதான் தப்பு. மெமரி ஃபோம் 1966இல் அமெரிக்காவின் நாசா ஆய்வு மையத்தில் பிறந்தது. சூட்டில் இளகுவது அதன் குணம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் ஓடுகிற கூடத்தில், சோபா இருக்கைக்கு அது எதற்கு? ரோஜா நிறம், நீல நிறம் என்றால் உசத்தி என்பதும் கதை. நிறம் அந்தந்தத் தயாரிப்பாளர் அடையாளத்துக்குச் சேர்க்கும் சாயம். எச்.ஆர். என்று சொல்லும் மீள்திறன் கூடிய ஃபோம் மட்டும் உண்மையிலேயே இருக்கைக்கு ஏற்றது. அதற்கும் டென்சிட்டி கேட்க வேண்டும்.

பள்ளம் விழுந்தால் எப்போதும் ஃபோமின் குற்றம்தான் என்றும் சொல்ல மாட்டேன். அடியில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய எலாஸ்டிக் பெல்ட் தளர்ந்தாலும் இருக்கை இறங்கும். குஷனைத் தூக்கிவிட்டு அதையும் கையால் அழுத்திப் பாருங்கள். மரச் சட்டம் நன்றாக இருந்தால் சோபாவைத் தூக்கி எறியாதீர்கள். குஷன் வேலை செய்கிறவரை வீட்டுக்கே கூப்பிட்டு, இருக்கைக்கு மட்டும் புது ஃபோம் வெட்டிப் போடச் சொல்லுங்கள்.

எங்கே வாங்கினாலும் பில்லில் "இருக்கை ஃபோம் 40 டென்சிட்டி, 5 அங்குலம்" என்று எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் எழுதுற பழக்கம் இல்ல சார்" என்பார்கள். பொருளின் தரமும் அளவும் தெரிந்து வாங்குவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கும் உரிமை. நாளை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அந்த ஒரு வரிதான் பேசும். "சாஃப்டா இருக்கும்னு சொன்னாங்க" என்பது அங்கே செல்லாது.

இப்போது வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு சோபாவின் ஓர் இருக்கைக் குஷனை உறை கழற்றி நிறுத்துப் பாருங்கள். நீளம், அகலம், கனம், எடை, வாங்கிய வருடம், கடையில் சொன்ன டென்சிட்டி, எல்லாவற்றையும் கீழே எழுதுங்கள். கடையின் பெயர் வேண்டாம். வகுத்து விடை போடுவது என் வேலை.