ஊசி, நூல், சாக்குத்துணி: சிலி பெண்கள் சர்வாதிகாரத்துக்குச் சொன்ன பதில்!

'படம் வரைஞ்சா ஆட்சி மாறிடுமா பாஸ்?' அரசியல் கலை பற்றி எந்தப் பதிவு வந்தாலும் கமென்ட்டில் இந்தக் கேள்வி ஆஜராகிவிடும். நியாயமான கேள்விதான். பதில் தேட தென் அமெரிக்காவின் சிலி வரை போய் வரலாம்.

என்ன நடந்தது?

1973 செப்டம்பர் 11. தேர்தலில் வென்று அதிபரான சால்வடோர் அலெண்டேயின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்தது. அடுத்த சில நாள்களிலேயே பாடகர் விக்டர் ஹாரா கொல்லப்பட்டார். 1990 வரை நீடித்த பினோசெட் ஆட்சியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள்.

கணவனையும் மகனையும் தேடி அலைந்த பெண்கள், தலைநகர் சான்டியாகோவில் தேவாலய ஆதரவோடு ஒன்றுகூடித் தைக்க ஆரம்பித்தார்கள். சாக்குத்துணி மேல் பழைய துணித் துண்டுகள். அவ்வளவுதான் மெட்டீரியல். இதன் பெயர் 'அர்பியேரா'. ஸ்பானிஷ் மொழியில் சாக்குத்துணி என்றே பொருள்.

தள்ளி நின்று பார்த்தால் ஆண்டீஸ் மலை, சூரியன், கலர் கலராக வீடுகள். கிட்டப் போனால்தான் தெரியும்: ஒரு வாசலில் போலீஸ் வண்டி, இன்னொரு பக்கம் பசிக்குப் பொதுவில் வைத்த சமையல் பானை, 'எங்கே அவர்கள்?' என்று கேட்கும் பெண்கள்.

இவை ரகசியமாக நாடு கடந்தன. வெளிநாடுகளில் ஆதரவாளர்கள் வாங்கினார்கள். அந்தக் காசில் இங்கே அடுப்பு எரிந்தது.

சரி, ஆட்சி மாறியதா?

தையலால் மாறவில்லை. 1988 பொது வாக்கெடுப்பில் மக்கள் 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டதால் மாறியது. அதற்குப் பின்னால் கட்சிகள், தொழிற்சங்கங்கள், தெருப் போராட்டங்கள் எல்லாம் இருந்தன.

ஆனால், காணாமல் போனவர்கள் பற்றிப் பேச்சே எழக் கூடாது என்பதுதான் சர்வாதிகாரத்தின் கணக்கு. அந்தக் கணக்கை இந்தத் துணிகள் கெடுத்தன. கலையின் வேலை அதுதான் என்பேன். ஆட்சியைக் கவிழ்க்காது, பொய்யை நிம்மதியாகத் தூங்க விடாது.

நாம் என்ன செய்யலாம்?

பரிதாபப்படுவது வேறு, தோள் கொடுப்பது வேறு. அன்று வெளிநாட்டில் இருந்தவர்கள் துணியை வாங்கினார்கள், விற்றுக் கொடுத்தார்கள், கண்காட்சி வைத்தார்கள். சுவரில் அழகாக மாட்டிவிட்டு அதில் இருப்பது என்னவென்று கேட்காமல் விட்டவர்களுக்கு அது வெறும் அலங்காரப் பொருள். இன்று ஸ்டோரியில் போட்டுவிட்டு நகர்கிற நமக்கும் அதே ஆபத்து உண்டு.

இன்னொரு விஷயம். பல அர்பியேராக்களில் தைத்தவர் பெயர் கிடையாது. பெயர் தெரிந்தால் ஆபத்து. அதனால் அடுத்த முறை ஒரு போராட்ட ஓவியத்தைப் பகிரும் முன் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்: இதைச் செய்தவருக்கு இதனால் ஏதாவது கிடைக்கிறதா? நான் பகிர்வதால் அவருக்கு ஆபத்து வருமா?

இதற்குப் பதில் தெரிந்த பிறகு ஷேர் பட்டனைத் தொடலாம்.